எண்பதாவது கை

பீடத்தின் படிகளிலிருந்து புது ஐயர் இறங்கி வந்து, பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சின் ஓரத்தில் நின்றவளுடைய கைகளுக்குள் தன் வலது கையை வைத்து "சமாதானம்" என்று சொல்லிவிட்டுப் போனபோது, பத்தாவது பெஞ்சில் நின்றுகொண்டிருந்த சுகிர்தம் டீச்சர் மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்குப் பயம் வந்தால் ஜெபம் வருவதற்கு முன்னால் கணக்குதான் வரும். (ஐயர் என்றதும் வேறு எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம், இந்தப் பக்கத்துச் சபைகளில் போதகருக்கு அதுதான் பேர்.) மற்ற ஊர்க் கோயில்களில் சமாதானம் கொடுக்கிற நேரம் வந்தால் ஆளாளுக்கு நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள், அரை நிமிஷ வேலை. இந்தக் கோயிலுக்கு அந்த அவசரம் கிடையாது. இங்கே பெண்கள் பக்கத்துக்கு ஐயர் கொடுப்பது ஒரே ஒரு சமாதானம். அது கையிலிருந்து கைக்கு, ஒருத்தியைக்கூட விடாமல், முதல் பெஞ்சில் நடைபாதையிலிருந்து சுவருக்குப் போய், சுவரோரத்துக்காரி திரும்பிப் பின் பெஞ்சுக்குக் கொடுக்க, அங்கிருந்து நடைபாதைக்கு வந்து, மறுபடி பின்னால் போய், இப்படியே நெளிந்து நெளிந்து கடைசி பெஞ்சு வரை போய்ச் சேர வேண்டும். சேர்ந்த பிறகுதான் இராப்போஜனம், அப்பமும் திராட்சை ரசமும். நடுவில் ஒருத்தி கையை மடக்கிக்கொண்டால் அவளுக்குப் பின்னால் இருக்கிற அத்தனை பேருக்கும் கிடையாது. பெஞ்சுக்கு எட்டுப் பேர். இரட்டைப்படைப் பெஞ்சுகளில் அது நடைபாதைப் பக்கம் வந்து முடியும். பத்து இரட்டைப்படை. அந்தப் பத்தாவது பெஞ்சின் நடைபாதை ஓரத்தில் நிற்பது சுகிர்தம், ஆக அவள் எண்பதாவது ஆள். எண்பத்தொன்றாவது ஆள், பதினோராம் பெஞ்சின் ஓரத்தில், அவள் பிடரிக்கு நேர் பின்னால் நிற்கிறவள், வயலெட். ஏழு வருஷமாக இவள் முகம் கொடுத்துப் பார்க்காத, பேர் சொல்லிக் கூப்பிடாத வயலெட். கையைக் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கோயில் பூராவும் பார்க்க மடக்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஒரு வழி இருந்தால் தேவலை என்று டீச்சர் தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை.

இத்தனைக்கும் ஏழு வருஷமாக இந்த விஷயத்தில் அவளைப் போல் சாமர்த்தியசாலி கிடையாது. இராப்போஜனம் உள்ள முதல் ஞாயிறு என்றால் ஒன்பது மணி ஆராதனைக்கு எட்டே முக்காலுக்கே வந்து மூன்றாவது பெஞ்சின் நடுவில் இடம் பிடித்துவிடுவாள். நடுவில் இருப்பவளுக்குப் பின்னால் திரும்புகிற வேலையே இல்லை, ஒரு பக்கம் வாங்கி மறு பக்கம் கொடுத்தால் தீர்ந்தது. திரும்பிப் பார்க்காமல் இருப்பதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு. இன்றைக்கு வந்ததே ஒன்பதே காலுக்கு. நேற்று மத்தியானம் வந்த போன் தூக்கத்தைக் கெடுத்து, விடியற்காலையில்தான் கண் அசந்து, எழுந்தபோது அருமைநாயகம் சார் வேட்டி மடித்துக் கட்டி ஷேவ் பண்ணி முடித்து "நான் நடக்கட்டா, நீ வாரியா" என்று வாசலில் நின்றார். அவருக்கென்ன, ஆண்கள் பக்கத்தில் எங்கே உட்கார்ந்தாலும் சமாதானம்தான், அவருக்கு இந்த ஊரில் பகையாளியே கிடையாது, பகைக்கத் தெரியாத மனுஷன், அதுவே சில சமயம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்தபோது இருந்தது இந்த ஒரே இடம். தபால் ஆபீஸ் ஜூலியட் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டாள், உட்கார்ந்த பிறகுதான் யூக்கலிப்டஸ் தைல வாசனை பின்னாலிருந்து வந்தது. தலைவலிக்காரி. இருபது வயதிலிருந்து நெற்றியில் தைலம் தடவாமல் வெளியே வந்ததில்லை வயலெட். அப்புறம் பாட்டு ஆரம்பித்ததும் அந்தக் குரல், பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டாக ஓடுகிற இரண்டாவது குரல், சுகிர்தத்தின் வலது காதுக்குப் பின்னால் ஒரு சாணில். பாடகர் குழுவில் இருபத்திரண்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் பிடித்துப் பாடியவர்கள். மேல் குரல் இவள், கீழ்க் குரல் அவள். இன்றைக்கு அந்தக் கீழ்க் குரல் வந்து தாங்கியதும் இவளுடைய குரல் தன்னை அறியாமல் மேலே ஏறிவிட்டது, ஏறியதை உணர்ந்ததும் வாயை மூடிக்கொண்டாள். பின்னால் வயலெட்டும் நிறுத்திவிட்டாள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்க, மற்ற முந்நூறு பேரும் பாடி முடித்தார்கள். இரண்டாவது பெஞ்சுக்குள் சமாதானம் போய்விட்டது, சுவரோரத்து மாது திரும்பிக் கொடுத்துவிட்டாள், பதினொன்று, பன்னிரண்டு.

பிரசங்கமாவது மனதை வேறு பக்கம் இழுத்ததா என்றால் அதுவும் இல்லை. இந்த வருஷம் முதல் ஞாயிறும் திரித்துவ ஞாயிறும் ஒன்றாக வந்துவிட்டதால் ஐயர் பிதா குமாரன் பரிசுத்த ஆவி மூவரும் ஒருவரே என்பதை விளக்க வேண்டிய கட்டாயம். ஒன்றையும் ஒன்றையும் ஒன்றையும் கூட்டினால் மூன்று, ஆனால் பெருக்கிப் பாருங்கள், ஒன்று, அவ்வளவுதான் திரித்துவம் என்று சொல்லிவிட்டுச் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். டீச்சருக்கு எரிச்சலாக வந்தது. ஐந்து ஒன்றைப் பெருக்கினாலும் ஒன்றுதான், ஐந்நூறு ஒன்றைப் பெருக்கினாலும் ஒன்றுதான், அப்படியானால் ஐந்நூறு தெய்வமா? எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டுவிடும் இதை. அரைப் பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் ஒரு சுழி போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பாள். ஆனால் அதற்குப் பிறகு அவர் கணக்கை விட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்காமல் ஒன்று சொன்னார். உலகம் உண்டாவதற்கு முன்னால், வானமும் இல்லை மண்ணும் இல்லை நாமும் இல்லை, அப்போதுகூட நம்முடைய கடவுள் தனியாக இருந்ததில்லை, ஒரு நாளும் இருந்ததில்லை, கொடுக்க ஒருவர், வாங்க ஒருவர், போய் வருகிற அன்பே ஒருவர், அதனால்தான் தனியாக இருக்கிற மனுஷனை அவருக்குப் பார்க்கப் பொறுக்காது என்றார். அதற்கு மேல் அவர் என்ன சொன்னாரோ தெரியாது. ஒரு நாளும் தனியாக இருந்ததில்லை. அந்த இடத்தில் டீச்சருடைய மனம் சேலை முந்தானை முள்ளில் மாட்டியது போல மாட்டிக்கொண்டது. கொடுப்பதும் வாங்குவதும் சரி. கொடுத்தால் குறையாதா? அதுதானே கழித்தல்? பிதா தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் குமாரனுக்குக் கொடுத்துவிட்டால் பிதாவிடம் மிச்சம் என்ன? இருபத்து மூன்று, இருபத்து நாலு. அது நாலாவது பெஞ்சுக்குள் நுழைந்துவிட்டது.

கொடுத்தால் குறையும் என்பதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே வயலெட்தான். கொடுத்தது என்ன, ஒரு ரகசியம். மகள் ஹெப்சி சென்னையில் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது தூக்கம் போய், சாப்பாடு போய், ஒரு நாள் விடுதி மொட்டை மாடியில் சுவர் மேல் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவளை உடன் படித்த பிள்ளைகள் இறக்கிக் கொண்டுவந்தார்கள். மனநல டாக்டர், மாத்திரை, ஒரு வருஷம் வீட்டில். பிள்ளைக்கு மஞ்சள்காமாலை என்று சுகிர்தம் ஊருக்குச் சொன்னாள். வாய் கூசாமல் சொன்னாள். பிள்ளை தேறி, படிப்பை முடித்து, நாகர்கோவிலிலிருந்து ஒரு வரன் வந்து பேசி முடிவான சமயத்தில், அதைத் தூக்கிக்கொண்டு தனியாக நடக்க முடியாமல், பாட்டுப் பயிற்சி முடிந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வயலெட்டிடம் மட்டும் சொன்னாள். அக்கா, உங்களுக்குள்ள வச்சிக்கிட்டு ஜெபம் பண்ணுங்க என்றாள். வயலெட் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடுத்த புதன்கிழமை பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக் குறிப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று தலைவி கேட்க, வயலெட் எழுந்து நின்று, நம்ம சுகிர்தம் டீச்சர் மக ஹெப்சிக்காக ஜெபிச்சுக்கோங்க, மனசு சரியில்லாம மாத்திரை சாப்பிட்ட பிள்ளை, கல்யாணம் கூடி வந்திருக்கு, கர்த்தர் நல்லபடியா நடத்தணும் என்று கண்ணீரோடு சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நாற்பது பெண்கள் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். அதில் ஒருத்தி மாப்பிள்ளையின் சித்தி. சம்பந்தம் வேண்டாம் என்று சனிக்கிழமை நாகர்கோவிலிலிருந்து போன் வந்துவிட்டது. ஊரில் வம்பு பேசுகிறவர்களைத் திட்டலாம், சண்டை போடலாம். ஜெபம் பண்ணிக் கெடுத்தவளை என்ன செய்வது? யாரிடம் போய்ச் சொன்னாலும், பாவம், நல்லதுக்குத்தானே சொன்னாள் என்றார்கள். அந்த "நல்லதுக்குத்தானே" தொண்டையில் மீன் முள்ளாக நின்றது, ஏழு வருஷமாக நிற்கிறது, சோற்று உருண்டை விழுங்கினாலும் இறங்குவதில்லை, அப்பமும் ரசமும் வாங்கி விழுங்கினாலும் இறங்குவதில்லை. ஹெப்சி கோயம்புத்தூரில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கப் போனவள்தான், வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலும் கோயில் பக்கம் காலெடுத்து வைப்பதில்லை.

நாற்பது. ஐந்தாவது பெஞ்சு முடிந்தது, பாதிக் கிணறு. ஆண்கள் பக்கத்தில் அருமைநாயகம் சார் வாங்கிவிட்டார், கொடுத்துவிட்டார், கொடுத்தவனிடமே எதையோ சொல்லிப் பல் தெரியச் சிரிக்கிறார். நேற்று மத்தியானம் அந்தப் போனை முதலில் எடுத்தது அவர்தான், மக பேசுதா என்று இவளிடம் கொடுத்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். வெயிலா, மழையா, என்ன குழம்பு என்று வழக்கமாகப் போய்க்கொண்டிருந்த பேச்சில் ஹெப்சி, "நாளைக்கு முதல் ஞாயிறுல்ல, வயலெட் ஆன்ட்டி போன் பண்ணுவாங்க, அதான் வெளிய போகல" என்று சொல்லிவிட்டாள். "எந்த வயலெட்?" என்றாள் சுகிர்தம், ஊரில் ஏதோ ஒன்பது வயலெட் இருப்பது போல. "மாசாமாசம் பண்ணுவாங்கம்மா. ஏழு வருஷமா. முதல் தடவை ஃபுல்லா அழுதாங்க, நான் வச்சிட்டேன். அடுத்த மாசமும் பண்ணுனாங்க. அப்புறம் நான் வைக்கல." எனக்குத் தெரியாமலா என்று இவள் கத்தினாள். என் பிள்ளையைக் கெடுத்தவள் என் பிள்ளையிடமே எனக்குத் தெரியாமல் பேசுவாளா, அவளுக்கு எவ்வளவு திமிர் என்று கத்தினாள், செய்தித்தாள் கீழே இறங்கியது. ஹெப்சி கத்தவில்லை. "அம்மா, போன வருஷம் மாத்திரையை நானா நிறுத்தி, மறுபடியும் அந்த மாதிரி வந்துச்சு, உங்ககிட்டச் சொல்லல. ஆன்ட்டிகிட்டச் சொன்னேன். பஸ் பிடிச்சு வந்துட்டாங்க. நாலு நாள் எங்கூட இருந்தாங்க. ரசம் வச்சுத் தந்தாங்க. உங்ககிட்டச் சொன்னா நீங்க மஞ்சள்காமாலைன்னு சொல்லுவீங்க." அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இல்லை. போனை வைத்துவிட்டு டீச்சர் அடுப்படிக்குப் போய் ஒரு காரியமும் இல்லாமல் நின்றாள். விடியும்வரை புரண்டதும் அதற்குத்தான். வயலெட்டின் மேல் உள்ள கோபத்தால் தூக்கம் வரவில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். இடையில் ஒரு சின்னக் கணக்கும் உறுத்தியது. எத்தனை மணிக்குப் பேசுவாள் என்று கேட்டதற்குப் பத்தரைக்கு என்றாள் ஹெப்சி. முதல் ஞாயிறு பத்தரைக்கு வயலெட் கோயிலுக்குள் அல்லவா இருக்க வேண்டும்? பிள்ளை நேரத்தை மாற்றிச் சொல்கிறது என்று அதை அடித்துவிட்டாள்.

ஐம்பத்தாறு. சர்க்கரை இறங்கியிருக்குமோ, மயக்கம் வந்தால் நல்லது, மயக்கம் போட்டு விழுந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள், ஆனால் தண்ணீர் தெளிக்க முதலில் குனிகிறவள் பின்னால் இருக்கிறவளாகத்தான் இருப்பாள். அறுபது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது நடக்கிற விதம் அவளுக்கு இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. எட்டாவது பெஞ்சில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வாங்குகிறாள், கொடுக்கிறாள், கொடுத்துவிட்டும் முகத்தில் அது இருக்கிறது. அவளுக்கு முன்னால் கொடுத்தவர்கள் அத்தனை பேர் முகத்திலும் இருக்கிறது. ஐயர் பீடத்தண்டை நிற்கிறார், முதலில் கொடுத்தவர், அவரிடம் ஒரு பொடி குறைந்ததாகத் தெரியவில்லை. அறுபத்தைந்து பேருக்கு அது முழுசாகக் கிடைத்திருக்கிறது, ஒருத்திக்கும் பங்கு வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்த கழித்தல் இங்கே செல்லவில்லை. கொடுத்தால் குறையாத ஒன்று இருக்கத்தான் இருக்கிறதா? அதைத்தான் அந்தச் சின்ன ஐயர் பெருக்கலில் கொண்டுபோய் மாட்டிக்கொண்டு திண்டாடினாரா? பிதா கொடுத்துக்கொண்டே இருக்கிறார், குறையவில்லை, குமாரன் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார், குறையவில்லை, அந்தப் போக்குவரத்து நிற்பதே இல்லை, அதற்கு ஆவியானவர் என்று பேர், அட, இது ஒரு கணக்கே இல்லையே, ஒரு வீடல்லவா, அடுப்பணையாத ஒரு வீடு. கசப்பும் குறையாத சாமான்தான். ஊர் பூராவும் எடுத்துக் கொடுத்தாளே இவள், வயலெட்டோடு பேசாதே என்று அங்காடிக்காரி வரைக்கும், ஒரு குன்றிமணி குறைந்ததா? எழுபது. ஒன்பதாவது பெஞ்சு சுவரை நோக்கிப் போகிறது. அந்த வீட்டில் ஒருவர் கையை மடக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்தாள். மடக்கிக்கொண்டு ஏழு வருஷம் நின்றது யார்? பிள்ளைக்கு மனசு சரியில்லை என்று சொன்னதில் வயலெட் சொன்ன பொய் எது? பொய் சொன்னது யார்? ஹெப்சியின் வியாதி வெளியே வந்ததுதான் அவமானம் என்றால் ஹெப்சியே அவமானம் என்றல்லவா ஆகிறது, இதை அந்தப் பிள்ளை எத்தனை வருஷத்துக்கு முன்னாலேயே கணக்குப் போட்டு முடித்திருக்கும், டீச்சர் மகள் அல்லவா. ஆண்டவரே, என்றாள் சுகிர்தம். இன்றைக்குக் காலையிலிருந்து அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எழுபத்து மூன்று, எழுபத்து நாலு, அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை, கண்ணில் நீர் கட்டிவிட்டது.

"சமாதானம் டீச்சர்" என்றாள் ஜூலியட். முத்திரை குத்திக் குத்திக் காய்த்துப் போன கை, சூடாக இருந்தது. வலது உள்ளங்கையோடு உள்ளங்கை, மேலே இடது கை மூடி, ஒரு மூச்சு நேரம். வாங்கியாகிவிட்டது. மூடிய கண்ணோடு சுகிர்தம் அப்படியே பின்னால் திரும்பினாள், கையை நீட்டினாள், நீட்டிய கை காற்றில் நின்றது. கண்ணைத் திறந்தால் பதினோராம் பெஞ்சின் ஓரத்தில் ஒரு வேதாகமம், அதன் மேல் கண்ணாடிக் கூடு, அவ்வளவுதான். நடைபாதையில், ஆட்கள் பார்த்தும் பார்க்காதது போல் நிற்கிற நடைபாதையில், ஊதாக் கரை போட்ட வெள்ளைச் சேலை ஒன்று பெரிய வாசலைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. "அந்தப் பிள்ளைட்டக் கொடுத்திருங்க டீச்சர்" என்று ஜூலியட் பக்கத்து இடத்தைக் காட்டிக் கிசுகிசுத்தாள். "வயலெட்டக்கா எப்பவும் இந்நேரம் வெளிய போயிருவாவ. உங்களுக்குத் தெரியாதா?" எதற்கு என்று உதட்டசைவில் கேட்டாள் சுகிர்தம். ஜூலியட் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, தபால் ஆபீஸ்காரியாயிற்றே, வந்ததைச் சேர்த்துவிட்டாள். "ராப்போஜனம் எடுக்க மாட்டாவ. ஏழு வருஷமா. ஒரு ஆளுக்கு எம்மேல மனத்தாங்கல் இருக்கு, அதோட எப்படிப் பந்திக்குப் போவன்னு சொல்லுவாவ." சுகிர்தம் டீச்சர் மாசம் தவறாமல் போய்க்கொண்டிருந்தாள் அந்தப் பந்திக்கு. முட்டி போட்டு, கையேந்தி, திரும்பிப் பார்க்காத பெருமையோடு, ஏழு வருஷம், எண்பத்து நாலு தடவை.

பதினோராம் பெஞ்சுப் பிள்ளை கையை நீட்டியது, வாங்கிக்கொள்ளத் தயாராக. கொடுத்துவிட்டால் முடிந்தது, யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, மூன்றாவது வழி தானாகவே வந்து வாசலில் நிற்கிறது. "இரு தாயி, இது உனக்கில்ல" என்றாள் டீச்சர், கோயிலுக்குள் பேசக்கூடாத சத்தத்தில். வாங்கிய சமாதானம் சிந்திவிடும் போலக் கைகள் இரண்டையும் மார்போடு குவித்துக்கொண்டு நடைபாதையில் இறங்கினாள். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பெஞ்சுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சமாதானம் எங்கே போகிறது என்று முந்நூறு பேரும் பார்த்தார்கள். ஆண்கள் பக்கத்தில் அருமைநாயகம் சார் எழுந்து நின்றுவிட்டார், வாய் திறந்தபடி இருந்தது. பார்க்கட்டும். அறுபது வயது, முட்டி வலி, சேலைக் கொசுவம் சரியில்லை, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கல்யாணத்தன்றைக்கு இதே நடைபாதையில் எதிர்த் திசையில் நடந்து வந்தபோதுகூட நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை. போகப் போக ஒரு சந்தோஷம் காலிலிருந்து ஏறிக்கொண்டே வந்தது, காரணம் கேட்க நேரமில்லாத சந்தோஷம். கதவைத் தாண்டியதும் வெயில் முகத்தில் விழுந்தது. வாகை மரத்தடியில், செருப்புக் குவியலுக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு வயலெட் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மாத்திரையும் போட்டியா? போட்டேன்னு சொல்லாத, டப்பாவப் பாத்துச் சொல்லு." வயலெட் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். "உங்கம்மா இன்னைக்கு எனக்கு முன் பெஞ்சுல இருந்தாட்டி. தலை பூரா நரைச்சுப் போச்சு. பின்னால இருந்து அதையே பாத்துக்கிட்டு இருந்தேன், பிரசங்கம் ஒண்ணும் காதுல ஏறல." சுகிர்தம் "அக்கா" என்றாள். அந்தச் சொல் வெளியே வர எவ்வளவோ பாடு படும் என்று நினைத்திருந்தாள், சாதாரணமாக வந்துவிட்டது. வயலெட் திரும்பினாள். முகம் வெளுத்து, போனைக் காதிலிருந்து எடுக்கவும் தோன்றாமல், "சுகிர்தம், நீ உள்ள போ. ராப்போஜனம் ஆரம்பிச்சிருவாவ" என்றாள். "எப்படி ஆரம்பிப்பாவ? சமாதானம் இங்கல்லா இருக்கு. கையை நீட்டுங்க." வயலெட் கையைப் பின்னால் கொண்டுபோனாள். "வேண்டாம்ட்டி. நான் அன்னைக்கு ஜெபத்துக்குத்தான் சொன்னேன், ஆனா முழுசும் ஜெபம் இல்ல. டீச்சர் எங்கிட்ட மட்டும் சொன்னா, எனக்குத்தான் தெரியும்னு ஒரு பெரும. அந்தப் பெருமையில வாய் திறந்துட்டு. அது எனக்கும் கர்த்தருக்கும் தெரியும். அதான் நான் பந்திக்குப் போகல." இதைச் சொல்ல அவள் ஏழு வருஷம் வாகை மரத்தடியில் நின்றிருக்கிறாள். சுகிர்தத்துக்கு அழுகை வந்தது, வந்த அழுகையோடேயே சொன்னாள். "நீங்க பெருமையில சொன்னீங்க, நான் வெக்கத்துல மறைச்சேன். எம்பிள்ளைய நெனச்சே எனக்கு வெக்கம். நீங்க போட்டு உடைச்சது அதத்தான்க்கா, கல்யாணத்த இல்ல. அதுக்குப் போயி உங்கள ஏழு வருஷம் வெயில்ல நிக்க வச்சிட்டேனே." வயலெட்டின் கையிலிருந்த போன் "அம்மா?" என்றது. "கேட்டுக்கிட்டா இருக்க?" என்றாள் டீச்சர். "ஆமாம்மா." "நல்லாக் கேளு. மஞ்சள்காமாலைன்னு இனிமே யார்ட்டயும் சொல்லமாட்டேன். என்னை மன்னிச்சுரு மக்களே." சொல்லிக்கொண்டே வயலெட்டின் வலது கையைப் பிடித்து முன்னால் இழுத்துத் தன் உள்ளங்கையில் வைத்தாள். மேலே இடது கையால் மூடினாள். வயலெட்டும் மூடினாள், அந்தக் கையில் போன் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை, கைகளுக்கு நடுவிலேயே இருந்தது. "சமாதானம்" என்றாள் சுகிர்தம். "சமாதானம்ட்டி" என்றாள் வயலெட். கைகளுக்குள்ளிருந்து, அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியாத ஒரு குரல், "எனக்கும்" என்றது. யார் கொடுத்தது, யார் வாங்கியது, யாரிடமிருந்து யாருக்குப் போய் யாரிடம் திரும்பி வந்தது, டீச்சர் எண்ணிப் பார்க்கவே இல்லை.

உள்ளே போனபோது ஐயர் பீடத்தண்டை அப்படியே நின்றார், கோயிலும் நின்றது, காத்திருக்கத் தெரிந்த சபை. வயலெட் போனை நிறுத்தப் போனாள், "நிறுத்தாதீங்க, அவ கேக்கட்டும்" என்று சுகிர்தம் அதைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள், கோயிலுக்குள் போன் அடித்தால் எழுந்து நின்று முறைக்கிற அதே சுகிர்தம். பதினோராம் பெஞ்சுப் பிள்ளை இன்னும் கையை நீட்டியபடியே நின்றது. வயலெட் அதன் கையைப் பிடித்துக் கொடுத்த சமாதானம் பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் ஓடியது, முன்னால் நடந்து வந்தது போல் இல்லை, ஓடியது, பின் பெஞ்சுகளில் சிலர் கொடுத்துவிட்டுக் கட்டிக்கொள்கிறார்கள், யாரோ விசும்புகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள், கடைசி பெஞ்சில் போய் விழுந்தபோது முந்நூறு பேரும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டார்கள். பாட்டை ஆரம்பிக்கச் சொல்லி ஐயர் தலையசைத்தார். சுகிர்தம் டீச்சர் மேல் குரலில் ஏறினாள், பயமில்லாமல் ஏறினாள், கீழே அந்தக் குரல் வந்து தாங்கியது. பாடிக்கொண்டே பெஞ்சு பெஞ்சாகப் பந்திக்குப் போனார்கள். பீடத்துக்கு முன்னாலிருந்த மரக் கிராதியில் பத்தாம் பெஞ்சும் பதினோராம் பெஞ்சும் கலந்து முட்டி போட்டன, சுகிர்தத்துக்குப் பக்கத்தில் வயலெட். அப்பத் தட்டோடு ஐயர் அந்த ஓரத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். வயலெட் கைகளைச் சேர்த்தாள், பிரித்தாள், இடது கையை மேலே வைத்தாள், மறுபடி பிரித்தாள். "சுகிர்தம்" என்றாள் மெதுவாக, "எந்தக் கை மேல? மறந்து போச்சு." டீச்சரின் தொண்டையில் இப்போது ஒரு முள்ளும் இல்லை. வயலெட்டின் இடது கையைக் கீழே விரித்து, அதன் மேல் வலது கையை எடுத்து வைத்து, தன் கையால் அடியில் தாங்கிக்கொண்டாள். ஐயர் வந்து நின்றார்.